கண்டிச்சீமைக்கு நடந்த கால்கள்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கடையநல்லூரிலிருந்து நெல்லைக்குச் செல்லும் வழியிலே பாதி தொலைவுகூட இல்லை. முத்துக் குளிப்போரும் தோணிக்காரரும் சங்கு விற்போரும் முற்றத்தைக் கடப்பதுபோல் கடந்து பழகிய நீர் அது. அந்த நீரின்மீது 19-ஆம் நூற்றாண்டிலே ஓர் எல்லை எழுந்தது. இக்கரையைக் கம்பெனி ஆண்டது. அக்கரையை இங்கிலாந்து முடியரசின் ஆளுநர் ஆண்டார். இருகரையிலும் பறந்த கொடி ஒன்று, பேசிய துப்பாக்கி ஒன்று, வரி தண்டிய கையும் ஒன்று. ஆயினும் எல்லை என்று ஒன்று இருந்தது. காப்பிக் கொட்டைக்கு அது திறந்த கதவு. கொட்டையைப் பறிக்கச் சென்ற தமிழனுக்கோ, அது உடலைச் சோதிக்கும் கூடம்.

இந்தக் கதையைப் படைகளின் வரலாறு எழுதுவோர் எழுதவில்லை. அரசர் பட்டியல் மனப்பாடம் செய்யும் நம் மாணவர்க்கு இதில் தேர்வுக்கு வினா வருவதும் இல்லை. ஆனால் தென்பாண்டிச் சீமையிலே, இராமநாதபுரத்திலே, புதுக்கோட்டையிலே, திருச்சி, சேலம் மாவட்டங்களிலே “கண்டிச்சீமைக்குப் போனவர்” என்று பாட்டி ஒருத்தி பெருமூச்சு விடாத சிற்றூர் அரிது. போனவர் எப்படிப் போனார், எதைக் குடித்தார், எதனால் செத்தார் என்று கேட்பதுதான் நாம் இங்கே செய்ய முனைவது.

இலங்கை மலைகளிலே காப்பிப் பயிர் 1830-களில் பெருகியது. துரைமார்க்கு ஆள் வேண்டும். கங்காணி கடல் கடந்து வந்தான், முன்பணம் என்னும் தூண்டிலை வீசினான், பசித்தவன் சிக்கினான். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் கரைகளிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினர் நம் மக்கள். அங்கிருந்து நடை. மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை என்று நீளும் அந்த வடபாதை, ஆளற்ற காட்டுவழி. மழையற்ற திங்களில் குட்டைகள் சேறாகும். அந்தச் சேற்று நீரையே முன்னே சென்ற கூட்டமும் குடித்தது, பின்னே வந்த கூட்டமும் குடித்தது. அதன் கரையிலேயே படுத்தது. அதன் கரையிலேயே கழித்தது. வாந்திபேதி ஒரு கூட்டத்தில் ஒருவனைத் தொட்டால், அதே குட்டைக்கு வரும் அடுத்த நான்கு கூட்டங்களையும் தொட்டது. விழுந்தவனைத் தூக்கிச் செல்ல எவருக்கும் வலுவில்லை. கங்காணிக்கு நேரமும் இல்லை.

1841-க்கும் 1849-க்கும் இடையே அவ்வழி சென்றவர்களில் 70,000 பேர் மாண்டிருக்கக் கூடும் என்று 1849-இல் கொழும்பு அப்சர்வர் ஏடு மதிப்பிட்டது. அதாவது நால்வரில் ஒருவர்! மிகைக் கணக்கு என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஊர் திரும்பியவர்களைச் செத்தவர்களாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்பது அவர்தம் வாதம். பாதியாகக் குறைத்தே எண்ணுங்கள். 35,000 பிணங்களை வழியிலே விட்டுச் சென்ற ஒரு வாணிபத்தை எந்தப் பெயரிட்டு அழைப்பது? செத்தவன் பெயரை எழுதி வைக்க அந்தப் பாதையில் ஒரு கணக்கப்பிள்ளைகூட இல்லை என்பதே நம் நெஞ்சைக் குத்துவது. காப்பி மூட்டைக்குக் கணக்கு இருந்தது. அதைச் சுமந்தவனுக்கு மதிப்பீடுதான் மிஞ்சியது.

வாந்திபேதி எதனால் வருகிறது? அன்றைய நாளில் இக்கேள்விக்கு மூன்று விடைகள் இருந்தன.

ஒன்று, நம் ஊரார் விடை. “கக்கல் கழிச்சல்” என்றால் காளி சினந்தாள் என்றனர். கிடா வெட்டினர், கூழ் ஊற்றினர், எல்லைக் கல்லருகே பொங்கலிட்டு “அடுத்த ஊருக்குப் போ தாயே” என்று வழியனுப்பினர். தம் ஊர் நோயை அண்டை ஊருக்குத் தள்ளும் இந்த அருள்வழி, துரைமார் வழிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று! விழாவுக்குக் கூடிய கூட்டம் ஒரே குளத்தில் குளித்து ஒரே குளத்து நீரைக் குடித்துக் கலைந்தது. நோயும் அவர்களோடு ஊர் ஊராகச் சென்றது.

இரண்டாவது, அறிவியலின் விடை. 1854-இல் லண்டன் மாநகரிலே பிராட் தெருவில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று, செத்தவர் எங்கே தண்ணீர் பிடித்தனர் என்று கேட்டார். விடைகள் ஒரு தெருக்குழாயைச் சுட்டின. அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. 1884-இல் கல்கத்தாவிலே ஒரு குளத்து நீரில், காற்புள்ளி வடிவான அந்த நுண்ணுயிரை ராபர்ட் கோக் கண்டார். தெய்வமும் இல்லை, காற்றின் நஞ்சும் இல்லை. மனிதனின் கழிவு மனிதனின் குடிநீரில் கலப்பதே வாந்திபேதி.

மூன்றாவது விடைதான் சுவையானது. அது பேரரசின் விடை. 1851-இல் பாரிசில் தொடங்கிய பன்னாட்டு நலவாழ்வு மாநாடுகள், 1866-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலே கூடியபோது, வாந்திபேதி இந்தியாவிலிருந்து மனிதரோடு பயணம் செய்கிறது என்று முடிவு கட்டின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. இந்தியக் கப்பல்களை அங்கே தடுத்து வைத்தால் பிரிட்டனின் வாணிபம் என்னாவது? ஆகவே இந்திய அரசின் நலவாழ்வுத் துறைத் தலைவர் கன்னிங்காம் போன்றோர், நோய் மனிதரால் பரவுவதன்று, அந்தந்த இடத்தின் மண்ணும் காற்றும் விளைப்பது என்று அடித்துப் பேசினர். கோக் கண்டதைக்கூட ஏற்க மறுத்தனர். அதே பேரரசின் இலங்கைக் கிளையோ, தமிழ்த் தொழிலாளிதான் நோயைச் சுமந்து வருகிறான், அவனைத் தடுத்து நிறுத்து என்றது. சூயஸிலே பயணம் செய்யாத நோய் மன்னாரிலே பயணம் செய்தது! ஒரே கிருமி, ஒரே கொடி. துணி மூட்டையோடு வந்தால் ஒரு கொள்கை, கோவணத்தோடு வந்தால் வேறு கொள்கை.

1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்த பின், அச்சம் முற்றியது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் வடபாதை மூடப்பட்டது. வழியோரச் சிங்களச் சிற்றூர்களுக்கு வாந்திபேதியைப் பரப்புகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அச்சிற்றூர் மக்களும் செத்தார்கள் என்பது உண்மை; அவர்தம் அச்சத்தை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பாதையில் போதிய கிணறு தோண்டாதவர்கள், பாதையை மூடுவதற்கு மட்டும் விரைந்தார்கள் என்பதைக் குறித்து வைக்கத்தானே வேண்டும்! பின்னர்த் தூத்துக்குடி வழியே கப்பல். அருகிலே தட்டப்பாறையில் ஒரு முகாம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அத்தோடு மண்டபம் முகாம் பெயர் பெற்றது.

மண்டபம்! தமிழ்மண்ணிலே, இலங்கை அரசின் பொறுப்பிலே நடந்த முகாம் அது. எல்லை கடலில் இருந்தாலும் காவல் இக்கரையிலே. வேலிக்குள்ளே தொழிலாளர் குடும்பங்கள் சில நாள் அடைத்து வைக்கப்பட்டன. அம்மைப்பால் குத்தப்பட்டது, துணிகள் ஆவியில் வேகவைக்கப்பட்டன, பின்னாளில் புழுவுக்கு மருந்தும் ஊற்றப்பட்டது. அதே தொடர்வண்டியில் உயர் வகுப்பில் வந்தவருக்கோ மருத்துவர் பார்வையும் ஓர் அனுமதிச் சீட்டும் போதுமானவையாக இருந்தன. கிருமி பயணச்சீட்டின் நிறத்தைப் பார்த்தா ஏறுகிறது?

‘குவாரண்டைன்’ என்னும் சொல் இத்தாலியரின் ‘நாற்பது’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பிளேக் அஞ்சிய வெனிசு நகரம் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தி வைத்தது. அதற்கு முன்பே, 1377-இல், ரகூசா நகரம் முப்பது நாள் நிறுத்தியது. அங்கே நிறுத்தப்பட்டது கப்பல் முழுதும். செல்வனும் மாலுமியும் சேர்ந்தே காத்திருந்தனர். வகுப்புக்கு ஒரு தடுப்பு என்பது குடியேற்ற ஆட்சியின் கண்டுபிடிப்பு.

நம் கடையநல்லூர்க்கும் இதில் பங்குண்டு. தறி கைவிட்ட நாளில் நம்மூர் முஸ்லிம் நெசவாளர் பலர் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1941-இலேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என ஓர் அமைப்பைக் கண்டனர். அக்கடலில் பினாங்கருகே ஜெரஜாக் தீவும், சிங்கப்பூரருகே 1874 முதல் செயிண்ட் ஜான்ஸ் தீவும் தடுப்பு முகாம்களாக நின்றன. கப்பலில் எவர்க்கேனும் அம்மை கண்டால், மேல்தளத்தில் பாய் விரித்து வந்த ஏழைகள் தீவுக்கு. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதும் இதே கடல்வழியில்தான். மலேயாத் தோட்டத் தமிழர் திரண்டு வந்து அவரை வரவேற்றனர். இத்தகைய முகாம்களைக் கண்டு வந்தவர்கள் அவர்கள்.

இனிக் கொக்கிப்புழுவின் கதைக்கு வருவோம். வாந்திபேதி ஒரே நாளில் கொல்லும். ஆகவே உலகம் அஞ்சியது. கொக்கிப்புழு ஆண்டுக்கணக்கில் கொல்லும். ஆகவே எவரும் அஞ்சவில்லை. சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் அந்தச் சிறு புழு, மனிதனை வெளிறச் செய்கிறது, மூச்சு வாங்கச் செய்கிறது, எழமாட்டாமல் உட்கார வைக்கிறது. அப்படி உட்கார்ந்தவனைத்தான் ‘சோம்பேறித் தமிழன்’ என்று துரை திட்டினான், கங்காணி உதைத்தான்.

புழு உடலுக்குள் புகுவது எப்படி? வாய்வழி என்றே நம்பியிருந்தனர். கெய்ரோ நகரிலே ஆர்தர் லூஸ் என்னும் செர்மானிய அறிஞர், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீரைத் தற்செயலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். சிந்திய இடம் எரிந்தது, சிவந்தது. சில வாரங்களுக்குப் பின் தம் மலத்திலேயே புழுவின் முட்டைகளைக் கண்டார். 1898-இல் அதை வெளியிட்டார். மலத்தில் வெளிவரும் முட்டை ஈரமண்ணில் பொரிந்து, குஞ்சு காத்திருந்து, மிதிக்கும் வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுகிறது. நம்பிக்கையால் அன்று, தம் உடலையே சான்றாக்கிக் கண்ட உண்மை இது!

வெறுங்கால்! தோட்டத்துக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் யார்? பள்ளர், பறையர், சக்கிலியர் என்று நம் சமுதாயம் ஒதுக்கி வைத்த உழைப்பாளிகள். மேல்சாதித் தெருவிலே செருப்பணிந்து நடக்கக்கூடாது என்று எத்தனை ஊர்களில் அவர்களுக்குத் தடை! செருப்புத் தைத்தவனின் காலுக்கே செருப்பில்லை. பொதுக்கிணறும் அவர்க்கில்லை. வருணமுறையை மலையுச்சியில் வைத்துப் போற்றியவர்கள், அந்த முறை ஒரு புழுவுக்கு வாசல் திறந்துவிட்டதை அறியார். இலங்கை மலையிலே நோய் தமிழனோடு வந்தது என்று துரை சொன்னபோது அதில் ஒரு பகுதி உண்மையே. இங்கிருந்து சென்றவர் குடலில் புழு இருந்தது. அதை அவர்களுக்குத் தந்த நம் ஊர்களின் மீதும் அந்தக் குற்றச்சாட்டு விழட்டும்.

மறுபகுதி துரையின் பங்கு. ஈரமும் வெப்பமும் நிழலும் நிறைந்த தோட்டம் புழுவுக்குத் தொட்டில். வரிசையாகக் கட்டிய லயங்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. கழிப்பிடமோ இல்லை. விடியுமுன் தேயிலைச் செடிகளிடையே ஒதுங்கிய கால்கள், விடிந்தபின் அதே மண்ணில் கொழுந்து பறித்தன. அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் நிறுவனம் 1916-இல் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. ஆய்ந்து பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புழு! மருந்து கொடுத்தனர், புழு விழுந்தது, ஆள் தேறினான். சில திங்களில் மீண்டும் புழு. ஏன்? மண் மாறவில்லை. கழிப்பிடம் கட்டுங்கள் என்றனர் மருத்துவர். செலவு அதிகம் என்றனர் தோட்ட முதலாளிகள். கட்டினாலும் கூலிகள் பயன்படுத்தமாட்டார்கள் என்று சேர்த்துக்கொண்டனர். ஒரு மரத்துக் காப்பிக்கும் தேயிலைக்கும் இத்தனை கவ்வாத்து, இத்தனை உரம் என்று கணக்கிட்ட அறிவு, ஒரு குழி தோண்டும் செலவைக் கண்டு நடுங்கியது.

தமிழன் உடலுக்கே உரிய நோய் என்று எண்ணியவர்களுக்கு ஆல்ப்ஸ் மலை விடை சொல்லியிருந்தது. சுவிட்சர்லாந்திலே கோட்டார்ட் சுரங்கப்பாதையை 1872 முதல் குடைந்த தொழிலாளர், பெரும்பாலும் எல்லை கடந்து வந்த இத்தாலியர், 1880-இல் கூட்டம் கூட்டமாக வெளிறி விழுந்தனர். ஆய்ந்தபோது இதே இனப் புழு! வெள்ளைத் தோல்தான், ஐரோப்பியக் குளிர்தான். ஆனால் சுரங்கத்தின் உள்ளே ஈரமும் வெப்பமும் இருந்தன, கழிப்பிடம் இல்லை.

மண்டபத்திலே இத்தனைக் காவல் இருந்ததே, இலங்கையை அது காத்ததா? அம்மையையும் வாந்திபேதியையும் ஓரளவு தடுத்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. அம்மைப்பால் நம்மவர் உயிரையும் காத்தது. ஆனால் பாம்பன் பாலம் திறந்த அதே 1914-இல் கொழும்பிலே பிளேக் தலைகாட்டியது. பிளேக் எலியின் நோய். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி அதை மனிதனுக்குக் கடத்துகிறது. எலி சரக்கை நாடும். சரக்கு துறைமுகத்தை நாடும். 1934-35-இல் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. அதை எந்தத் தோணியும் கொணரவில்லை. மழை பொய்த்தது, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின, கொசு பெருகியது. பல்லாண்டாக அரைவயிறு உண்ட சிங்கள உழவர் குழந்தைகள் முதலில் விழுந்தன. உயர்ந்த மலைத் தோட்டத்துத் தமிழரை அது அவ்வளவாகத் தொடவில்லை.

பிறகு சக்கரம் திரும்பியது. 1939-இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடுத்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டனர். ஆடுமாடு பங்கிடுவோர்கூட அவற்றின் பல்லைப் பார்ப்பர். இவர்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அதே ஆண்டு திசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. திரும்பியவர்களை ஏற்றது அதே மண்டபம் முகாம். பாட்டனைப் புழுவுக்குச் சோதித்து அனுப்பிய இடத்தில் பேரன் பெட்டியோடு இறங்கினான்.

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தோர்க்கும் அதுவே முதல் கூரை. பத்தடிக்குப் பத்தடி அறைகள், பொதுக்கழிப்பிடம், குடத்தோடு வரிசை. லயத்தின் அளவு கடல் கடந்து வந்துவிட்டது! 2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. மாநிலமெங்கும் உள்ள முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. கட்டிய வீடுகளை ஒப்படைக்கவும் தொடங்கியது. பெயரைவிட வீடு நமக்கு மகிழ்ச்சி தருகிறது. 2022-இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது குழந்தைகளோடு படகில் வந்த குடும்பங்களும் மண்டபத்துக்கே கொண்டுசெல்லப்பட்டன.

நம் பக்கத்து எல்லை நாட்டெல்லை அன்று. புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் மாநில எல்லைதான். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அங்கும் உடல் நிறுத்தப்பட்டது, நெற்றியில் வெப்பமானி நீட்டப்பட்டது. வேண்டியதுதான். 2024 திசம்பரிலோ, கேரள மருத்துவமனைக் கழிவுகள் நெல்லை மாவட்டத்து நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டப்பட்டுக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பின்னரே கேரள அரசு வண்டிகளை அனுப்பி அள்ளிச் சென்றது.

கடையநல்லூரையே வாட்டிய நோய் 2012-இல் வந்த டெங்குக் காய்ச்சல். பல உயிர்களை இழந்தோம். டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதன்று; நாம் குடிப்பதற்கென்று தொட்டியிலும் குடத்திலும் தேக்கி வைக்கும் தெளிந்த நீரிலே பிறப்பது. குழாயில் நாள்தோறும் நீர் வராத ஊரில் மக்கள் தேக்கித்தான் வைப்பர். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அக்கொசு பெரும்பாலும் பறப்பதில்லை. அந்தக் கோடையில் எந்தத் தெருவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடப்பட்டது, எந்தத் தெருவில் எத்தனை பேர் படுத்தனர் என்னும் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க விரும்பும் இளைஞர்கள், நகராட்சி அலுவலகத்திலும் அரசு மருத்துவமனையிலும் தகவல் உரிமைச் சட்டப்படி இன்றே மனுக் கொடுக்கலாம். லண்டன் தெருவில் ஜான் ஸ்நோ செய்தது அவ்வளவே.